கடலைக் காக்கும் கண்காணா உயிர்கள்



ஜார்ஜ் டவுன் நகரின் கழிவுநீர் ஒருகாலத்தில் சுத்திகரிக்கப்படாமலே கடலில் விடப்பட்டது. சிப்பிகள் கடல்நீரை வடிகட்டியே உணவு பெறுகின்றன. ஆதலின் அந்நீரிலுள்ள நோய்க்கிருமிகள் அவற்றுள் தங்கி, உண்பவரையும் தாக்கும்.

இன்று பினாங்கு ஜெலுத்தோங்கில், 12 இலட்சம் மக்களின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆற்றல்கொண்ட நிலையம் இயங்குகிறது. அங்கு முதலில் குப்பையும் மணலும் எண்ணெயும் அகற்றப்படுகின்றன. பின்னர் பெருந்தொட்டிகளில் காற்று செலுத்தப்படுகிறது. அக்காற்றின் துணையால் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்டு பெருகுகின்றன. காற்றை நிறுத்தியதும் அவை சேறாக அடியில் படிகின்றன. மேலே தெளிந்த நீரே வெளியேற்றப்படுகிறது. நம் ரப்பர்த் தொழிற்சாலைகளின் கழிவுநீர்க் குளங்களிலும் இத்தகைய நுண்ணுயிர்களே உழைக்கின்றன.

அவ்வுழைப்பாளிகளைக் காப்பது நம் கடமையன்றோ? பொரித்த எண்ணெயைக் கழிவுக் குழாயில் ஊற்றாதீர்கள். களைக்கொல்லி தெளித்த பம்பைக் கழுவிய நீரைச் சாக்கடையில் விடாதீர்கள். மலக்குழியின் சேற்றை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்றச் செய்யுங்கள்.

தோட்டத்து வாய்க்கால் ஆற்றைச் சேர்கிறது. ஆறு கடலைச் சேர்கிறது. அக்கடலின் மீனே நம் பிள்ளைகளின் தட்டை வந்தடைகிறது. இதனை மறவாதிருப்போம்.