மறதிக்கு வைட்டமின் மாத்திரை போதுமா?

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மருந்தாளுநரான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



காலை நடைப்பயிற்சியின்போது உங்களில் பலர் என்னைக் கேட்பது இதுதான்: "சார், மறதி அதிகமாயிருக்கு. நல்ல வைட்டமின் மாத்திரை ஒண்ணு சொல்லுங்களேன்." பதிலுக்கு முன், என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தபோது, வயதானால் அப்படித்தான் என்று நானே வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஓராண்டு போயிற்று. ஒருநாள் கோயிலுக்குப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையில் நின்றார். அதன் பிறகுதான் டாக்டரிடம் போனோம். அல்சைமர் நோய் என்றார். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் முன்பே தெரிந்திருந்தால் வீடு, பணம், சிகிச்சை பற்றி அம்மாவின் விருப்பத்தை அவரிடமே கேட்டிருப்பேன். மருந்துக் கடையில் முப்பது வருடம் நின்ற எனக்கே இது தோன்றவில்லை.

வைட்டமினால் பயனே இல்லையா? குறைபாடு இருந்தால் நிச்சயம் உண்டு. பி12 குறைந்தால் மறதி, குழப்பம், கால் மரத்துப்போதல் எல்லாம் வரும். சீக்கிரம் கண்டுபிடித்து ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் நன்றாகத் தேறலாம். சைவம் சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ அசிடிட்டிக்கு ஒமிப்ரசோலோ பல வருடம் எடுப்பவர்கள் அவசியம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைவும் மனச்சோர்வும்கூட மறதியாகத் தெரியும்.

குறைபாடு இல்லாதவர்களுக்கு? மறதி நோயைத் தடுக்க பி, இ வைட்டமின்களைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறிவிட்டது. அல்சைமர் நோயாளிகளிடம் நடந்து, 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அதிக அளவு வைட்டமின் இ அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறைவதைச் சற்றுத் தாமதப்படுத்தியது, நினைவாற்றலைக் கூட்டவில்லை. அதே வைட்டமின் இ, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவை உண்டாக்கலாம். பி6-ஐ அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் நரம்பே பாதிக்கப்படும்.

ஆகவே என் வேண்டுகோள்: மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், தொடங்கிய பிறகு பார்த்தால் பி12 குறைபாடு தெரியாமல் போகலாம். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே வீட்டில் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். நம் மறதி நமக்குத் தெரிவதைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எனக்குப் போன அந்த ஓராண்டு உங்களுக்குப் போகக் கூடாது.