மெல்பேணில் அனுமதி, கொண்டச்சியில் மறியல்



வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. மெல்பேண் நகரிலிருந்து சில மணிநேரம் வாகனத்தில் போனால் மலைக்காடு. அனுமதிப்பத்திரம் எடுத்தவர் அங்கே மரை சுடலாம். கொம்பைச் சுவரில் மாட்டலாம், இறைச்சியைக் குளிர்பெட்டியில் அடுக்கி வைத்து மாதக்கணக்கில் கறி வைக்கலாம். அதே மரையை மன்னார்க் கரையோரக் கொண்டச்சிக்குத் தெற்கே உள்ள காட்டில் ஒருவர் சுட்டால் கைது, வழக்கு, தண்டம், சிலவேளை மறியலும்கூட. "அங்கே பொழுதுபோக்கு, இங்கே குற்றமா?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். இன்றைய உரையில் அதற்குப் பதில் தேடிப் பார்ப்போம்.

அதே மரை என்று நான் சொன்னது வெறும் பேச்சுக்கு இல்லை. 1861 இல் விக்டோரியாவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறநாட்டு விலங்குகளையும் பறவைகளையும் கொண்டுவந்து அந்த மண்ணில் பழக்குவதே அதன் வேலை. 1860களில் அவர்கள் காட்டில் விட்ட மான் வகைகளில் மரையும் ஒன்று. இன்று அங்கே திரியும் மரைகளின் மூதாதையர் பெரும்பாலும் இலங்கையிலிருந்து கப்பலேறியவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1875 இல் நியூசிலாந்தின் வடதீவில் விடப்பட்ட மரைகளும் இங்கிருந்து போனவைதான்.

புள்ளிமானும் கடல் கடந்திருக்கிறது. 1868 இல் ஹொங்கொங்கிலிருந்து சில புள்ளிமான்கள் ஹவாய் அரசர் ஐந்தாம் கமெஹமெஹாவுக்குப் பரிசாகப் போயின. அவற்றை மொலொக்காய்த் தீவில் அவிழ்த்து விட்டார்கள். 1932 அளவில் புள்ளிமான் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கும் போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் பாலை மரத்தடியில் பழம் பொறுக்கித் தின்னும் அதே இனம், அங்கே வெளிநாட்டு மான்.

போன இடத்தில் என்ன நடந்தது? ஹவாயில் சிறுத்தையும் இல்லை, புலியும் இல்லை. மானைத் தின்ன எந்த மிருகமும் இல்லாத தீவில் மான் பெருகினால் என்ன ஆகும்? புல் போனது, செடி போனது, மழை பெய்தால் மண்ணும் கடலுக்குப் போனது. 1959 இல் மௌயி தீவிலும் சில மான்களை விட்டார்கள். இன்று அங்கே மந்தைகள் மேய்ச்சல் நிலத்தையும் தோட்டத்தையும் மொட்டையடிக்கின்றன. மாநில அரசு அவசரநிலை அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

விக்டோரியாவில் மரை செய்வது இன்னொரு வகை நாசம். ஆண் மரை கொம்பை மரத்தில் தேய்க்கும். தேய்த்துத் தேய்த்து மரத்தைச் சுற்றிப் பட்டை உரிந்துவிட்டால் மரம் பட்டுப்போகும். மலையுச்சியின் ஈரப் பாசிப்படுகைகளில் புரண்டு சேறாக்கும். மரையால் தாவரங்களுக்கு ஏற்படும் கேட்டை 2007 இல் அந்த மாநிலம் சட்டப்படியே ஓர் அச்சுறுத்தலாகப் பட்டியலிட்டது. ஆனாலும் அதே மாநிலத்தில் மரை வேட்டைக்குரிய விலங்காகவும் பதிவாகியிருக்கிறது. பதுங்கிச் சென்று சுட ஆண்டு முழுவதும் அனுமதி உண்டு. அங்கே துவக்கு செய்வது, அந்தக் காட்டில் இல்லாத சிறுத்தையின் வேலையை.

டெக்சாஸில் கதை வேறு. அங்கே புள்ளிமான் சட்டத்தின் கண்ணில் காணிக்காரரின் கால்நடை மாதிரி. எந்த மாதத்தில் சுடலாம், எத்தனை சுடலாம் என்று அரசு வரையறை வைக்கவில்லை. பண்ணைக்காரர்கள் வேட்டைக்கு வருபவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். கொம்பு நீளமானால் கட்டணமும் கூடும். பரிசோதனை முடிந்த இறைச்சி உணவகங்களுக்கும் போகிறது.

இந்தக் கொம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாட்டின் கொம்பு ஆயுள் முழுக்க நிற்கும். மானின் கொம்பு விழுந்து முளைக்கும். முளைக்கும்போது அதன்மேல் பூனைமயிர் போர்த்த தோல் இருக்கும். உள்ளே இரத்தம் ஓடும், தொட்டால் இளஞ்சூடு தெரியும். முற்றிக் காய்ந்ததும் மான் அதை மரத்தில் தேய்த்துத் தோலைக் கழற்றிவிடும். சுவரில் மாட்டக் கொம்பு தேடுபவர் இப்படி முற்றிய, வயதேறிய கிடாயைத்தான் குறிவைப்பார். பிணைகள் தப்பிவிடும், மந்தையின் பெருக்கம் குறையாது. அதனால்தான் மானைக் குறைக்க நினைக்கும் மௌயியில், கொம்பைப் பார்த்து நிற்காமல் பிணைமானைச் சுடச் சொல்லி வேட்டைக்காரர்களை வேண்டிக்கொள்கிறார்கள். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி நம் பக்கம் வருவோம். கொண்டச்சி என்றால் பழைய தலைமுறைக்கு முத்துக்குளிப்பு நினைவுக்கு வரும், இளையவர்களுக்கு மரமுந்திரிகைத் தோட்டம். கடற்கரையோடு தெற்கே போனால் மரிச்சுக்கட்டி, அதற்கப்பால் மோதரகம் ஆறு, ஆற்றைத் தாண்டினால் வில்பத்து. 1905 இல் சரணாலயமாகவும் 1938 இல் தேசிய பூங்காவாகவும் ஆன காடு அது. சோளகம் வீசும் மாதங்களில் மன்னார்க் கரையில் துரவும் வற்றும், குளமும் வற்றும். காட்டுக்குள் இருக்கும் வில்லு என்ற இயற்கை ஏரிகளில் மட்டும் தண்ணீர் நிற்கும். மான் அங்கே வரும், மானைத் தேடிச் சிறுத்தையும் வரும். வில்பத்துச் சிறுத்தையின் முதன்மை இரை புள்ளிமான். பாலைப்பழக் காலத்தில் மந்திகள் மேலே கிளையில் தின்று, பாதியைக் கீழே சிந்தும். அதைப் பொறுக்க மான் கூட்டம் மரத்தடியில் நிற்கும். சிறுத்தை அசைந்தால் மேலேயிருந்து மந்தி குரல் கொடுக்கும், கீழே மான் காதை நிமிர்த்தும். இந்த ஏற்பாட்டில் யாரும் வெளியாள் இல்லை. கோடையும் சிறுத்தையும் சேர்ந்து மானின் தொகையை இங்கே கட்டுக்குள் வைத்திருக்கின்றன. இதற்குள் மனிதன் துவக்கோடு நுழைந்தால் அவன் சிறுத்தையின் வாயிலிருந்துதான் எடுக்கிறான். கேள்விக்கான பதிலின் முதற்பாதி இது.

மறுபாதி வரலாற்றில் இருக்கிறது, அது கொஞ்சம் கசப்பானது. நம் காடுகளில் வேட்டையைப் பெரிய அளவில் பொழுதுபோக்காக்கியவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். சாமுவேல் பேக்கர் என்பவர் நுவரெலியாவில் குடியேறி, நாய்க்கூட்டத்தை ஏவி மரையை மடக்கி, கத்தியால் குத்தி வேட்டையாடினார். 1850களில் அதைப் பெருமையாக எழுதிப் புத்தகமும் வெளியிட்டார். அப்படிச் சுட்டுச் சுட்டு மிருகங்கள் அருகிப்போனபோது, 1894 இல் அந்த வேட்டைக்காரர்களே வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என்ற பெயரில் இயங்குவது அதுவேதான். யால காட்டின் இன்றைய முதலாம் வலயம் ஒருகாலத்தில் அனுமதி பெற்ற துரைமாருக்கென்று ஒதுக்கிய வேட்டைநிலம். சட்டிக்காகச் சுட்ட கிராமத்தான் குற்றவாளி ஆனான், சுவருக்காகச் சுட்டவர் கனவான் ஆனார்.

1906 இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் வேலைபார்த்த இளம் அதிகாரி லெனார்ட் வுல்ஃப் பின்னாளில் ஒரு நாவல் எழுதினார். அதன் நாயகன் அம்பாந்தோட்டைக் காட்டோரத்து ஏழை வேட்டைக்காரன். அவனைச் சட்டமும் அதிகாரமும் எப்படிச் சுற்றி வளைக்கின்றன என்பதே கதை. 1937 இல் வந்த வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை நம் ஊர்களில் பலர் இன்னும் 'அவங்கட சட்டம்' என்று பேசுவதற்கு இந்தப் பழைய காயமும் ஒரு காரணம்.

கொண்டச்சி அடங்கிய முசலிப் பிரதேசத்துக்கு இன்னொரு காயமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது இந்தக் கரையோர ஊர்கள் வெறிச்சோடின. 2009க்குப் பின் திரும்பி வந்தவர்கள் தங்கள் வளவுக்குள் காட்டைக் கண்டார்கள். காணி எது, காடு எது என்ற வழக்கு கொழும்பு வரை போனது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாற்றுப் பகுதியில் அழிக்கப்பட்ட காட்டை மீண்டும் நட்டு வளர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காட்டோடு இப்படி முட்டிக்கொண்டு வாழும் மக்களிடம் மானைப் பாதுகாக்கச் சொல்பவர் முதலில் அவர்கள் படும் பாட்டைக் கேட்க வேண்டும். யானை வயலுக்குள் வருகிறது, பன்றி மரவள்ளியைக் கிண்டுகிறது. பயிருக்குக் காவல் வேண்டும் என்பது நியாயம்.

ஆனால் இன்று காட்டோரத்தில் நடக்கும் வேட்டை பசிக்கான வேட்டைதானா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி ஒன்று போதும், சுருக்குத் தயார். கோடையில் தண்ணீருக்கு வரும் ஒற்றையடிப் பாதையில், மானின் கழுத்து உயரத்தில் அதைக் கட்டிவிட்டால் இரவு முழுக்கக் காவல் நிற்கத் தேவையில்லை. இடியன் துவக்கும் வேண்டாம், வெடிச்சத்தமும் இல்லை. சுருக்குக்குக் கிடாய் எது, பிணை எது என்று தெரியாது. புள்ளிமான் ஒரு தடவைக்குப் பொதுவாக ஒரு குட்டிதான் ஈனும். பெருகிய மந்தையைக் குறைக்க மௌயியில் என்ன செய்யச் சொல்கிறார்களோ, அதையே இங்கே சுருக்குக் கம்பி சொல்லாமல் செய்கிறது. சுருக்குக்குச் சிறுத்தையும் தப்பாது. 2020 மே மாதம் மலைநாட்டில் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் மாட்டிய அரிய கருஞ்சிறுத்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

சுருக்கில் விழுந்ததை அந்தக் குடும்பமே தின்று முடித்தால் கதை அங்கே நின்றுவிடும். அப்படி நிற்பதில்லை. ஒரு மரையை ஒரு வீடு தின்று தீர்க்க முடியாது. நீளவாக்கில் கீறி, உப்புப் போட்டு, கொடியில் காயவிட்டு, அடுப்புக்கு மேலே புகைபிடிக்க வைத்தால் வத்தல். வத்தல் பையில் போட்டால் மணக்காது, நாட்படக் கெடாது, எந்தப் பேருந்திலும் ஏறும். காட்டோரத்து அடுப்பிலிருந்து நகரத்துக் கல்யாண வீட்டுக்கும், கடல் கடந்தவர்களின் பயணப்பெட்டிக்கும் அது போவது இப்படித்தான். பணம் கொடுப்பவர் பெரும்பாலும் காட்டோரத்தில் வாழ்பவர் இல்லை. "வன்னி மரை வத்தல் கிடைக்குமா?" என்று தொலைபேசியில் கேட்கும் நாம்தான்.

விக்டோரியாவில் வேட்டைக்குத் தாராளமாக அனுமதி கொடுக்கும் சட்டம்கூட, பொழுதுபோக்கு வேட்டைக்காரர் தாம் சுட்ட இறைச்சியை விற்க விடுவதில்லை. வீட்டுக்குக் கொண்டு போகலாம், கடைக்குக் கொடுக்க முடியாது. பெருகிவிட்ட மானுக்கே அந்தக் கட்டுப்பாடு. அருகிவரும் மானுக்கு நாம் எவ்வளவு கட்டுப்பாடாக இருக்க வேண்டும்? பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மரையை உலக அளவில் ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. பிறந்த நாடுகளில் குறைந்து, குடியேறிய நாட்டில் மிதமிஞ்சிப் போன விலங்கு அது.

நம் சட்டத்திலும் குற்றம் சுடுவதோடு முடிவதில்லை. இறைச்சியை விற்பதும், வாங்குவதும், வைத்திருப்பதும் குற்றமே. சுட்டவன் காட்டுக்குள் ஓடிவிடலாம், வாங்கியவர் வீட்டில்தான் இருப்பார்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை யாராவது மரை வத்தல் கொண்டுவந்து நீட்டினால், விலை கேட்க வேண்டாம். "எனக்கு வேண்டாம்" என்று சொல்லுங்கள், சொல்வதைப் பக்கத்து வீட்டாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். காட்டோரத்தில் சுருக்கைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். விலங்கு உயிரோடு மாட்டியிருந்தால் கிட்டப் போகாதீர்கள், சனம் கூடவும் விடாதீர்கள். வேலையை மிருக வைத்தியரிடம் விட்டுவிடுங்கள். வயலுக்கு வேலியும் பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடும் கேட்டு அதிகாரிகளிடம் போகும்போது, சுருக்குக் கட்டாத ஊர் என்ற பெயரோடு போனால் கேட்கும் குரலுக்கு வலிமை கூடும்.