கடலை அறிந்தவர்களும் கடலை ஏலம் விடுபவர்களும்

(ஐதராபாத், மாதாப்பூரில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாதாப்பூரில் கடலைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இங்கே நீர்ப்பரப்பு என்றால் துர்கம் செருவு ஏரிதான். மிக அருகிலுள்ள கடற்கரையே 250 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆயினும் இந்தியப் பெருங்கடலில் பெரிய நிலநடுக்கம் நேர்ந்தால், அது சுனாமியை எழுப்புமா, எழுப்பினால் எந்தக் கரையை எத்தனை நிமிடங்களில் அடையும் என்று கணக்கிட்டுச் சொல்லும் பொறுப்பு இந்த நகரத்திடம்தான் உள்ளது. மாதாப்பூருக்கு வடக்கே, பிரகதி நகரில் இயங்கும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், 1999இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். சுற்றிலுமுள்ள கண்ணாடிக் கட்டடங்களின் பன்னாட்டு நிறுவனப் பெயர்களை அறிந்த அளவுக்கு இந்நகரவாசிகள் இதன் பெயரை அறிந்திருக்கமாட்டார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று, இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில், சுமத்ரா தீவின் அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. பேரலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையில் இருந்தவர்களுக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை. பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை மையம் இருந்தது; அமெரிக்காவும் ஜப்பானும் அதன் கரைகளில் இருக்கின்றன. இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த ஏழை நாடுகளுக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதே நாளில் புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தில் நடந்தது வேறு. சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்து, ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திவந்த அறிவு மையத்தில், அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் மீனவர்களுக்கு அறிவிப்பதற்கென ஒலிபெருக்கி இருந்தது. அதில் எச்சரிக்கை ஒலித்தது. ஊர் மக்கள் வெளியேறி உயிர் பிழைத்தனர். அன்று நல்லவாட்டுக்குக் கிடைத்த செயற்கைக்கோள் ஒரு தொழிலாளியின் தொலைபேசிதான். அவரது அழைப்பை ஊருக்குச் சொல்ல ஒரு பொது ஒலிபெருக்கி இருந்ததே வேறுபாடு.

2007 அக்டோபரில் இன்காய்ஸில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. கடலடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகள், கரையோர நீர்மட்ட அளவிகள், நிலநடுக்கப் பதிவு நிலையங்கள் ஆகியவற்றின் தரவுகள் இங்கே வந்து சேர்கின்றன. இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்களே இன்று இந்தியப் பெருங்கடல் நாடுகள் அனைத்துக்கும் இச்சேவையை வழங்குகின்றன. கடல்மேற்பரப்பின் வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் வழியே கணித்து, மீன் கூடும் இடங்களை அறிவிக்கும் பணியும் இம்மையத்துடையதே. எவரிடமும் கட்டணம் வாங்காமல் இவையெல்லாம் நடைபெறுகின்றன. அரசுப் பணத்தில் நடக்கும் அறிவியல் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஐதராபாத்திலேயே சான்று இருக்கிறது.

ஆனால் இச்சான்றுக்கு மறுபக்கமும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் ஒக்கி புயல் உருவானது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதி மீனவர்கள் அதற்குப் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். அவர்கள் வாரக்கணக்கில் அரபிக் கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள். அவர்களுக்கும் இந்தப் புயல் பிடிபடவில்லை; வானிலை ஆய்வாளர்களுக்கும் அது மிக விரைவாக வலுத்த புயல்தான். எச்சரிக்கை வெளியானபோது அது கரையில் இருந்தவர்களை எட்டியது. கைப்பேசியின் அலை எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்கு எட்டவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. டிசம்பர் 7 அன்று பெண்களும் முதியவர்களுமாக ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தனர்.

அந்தப் போராட்டங்களுக்குப் பிறகே, 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கருவி அறிமுகமானது. இன்காய்ஸ் தயாரிக்கும் எச்சரிக்கை ககன் செயற்கைக்கோள் அமைப்பு வழியே நடுக்கடலில் இருக்கும் படகை அடையும். பயனுள்ள கருவி. ஆனால் அது ஒருவழிக் கருவி. நடுக்கடலிலிருந்து மீனவர் ஒரு சொல்லையும் திருப்பி அனுப்ப முடியாது. இருவழிக் கருவிகள் அதன் பின்னரே வரத் தொடங்கின. கருவியின் இந்தக் குறை ஒரு பொறியியல் குறை மட்டுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. கடலைப் பற்றிய சட்டங்களும் நெடுங்காலமாக அப்படி ஒருவழியாகத்தான் கரையில் வாழ்பவர்களை வந்தடைந்துள்ளன.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் இந்தியப் பெருங்கடலில் செல்லும் ஆசியக் கப்பல்கள் தங்களிடம் ‘கர்தாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றனர். வாங்காத கப்பலைப் பறித்தனர். 1603இல் டச்சுக்காரர்கள் சிங்கப்பூர் அருகே ஒரு போர்ச்சுகீசியக் கப்பலைப் பறித்தனர். அந்தப் பறிப்பு நியாயமே என்று வாதிட அமர்த்தப்பட்ட வழக்கறிஞர்தான் ஹியூகோ குரோஷியஸ். 1609இல் அவர் வெளியிட்ட ‘சுதந்திரக் கடல்’ என்ற நூலே நவீனக் கடல் சட்டத்தின் தொடக்கம் எனப் போற்றப்படுகிறது. ஒரு வணிகக் கம்பெனியின் வழக்குக்காகப் பிறந்த கோட்பாடு அது. பீரங்கி உள்ளவனுக்கே அந்தச் சுதந்திரம் பயன்பட்டது.

கரையோர மக்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்ததா? 1904ஆம் ஆண்டின் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இதற்கு விடை தருகிறது. பாக் விரிகுடாவில் குத்தகைக்கு விடப்பட்ட சங்குப் படுகையில் அனுமதியின்றி மூழ்கிச் சங்கு எடுத்தவர்கள்மீது திருட்டு வழக்கு. அந்த விரிகுடா பிரிட்டிஷ் அரசின் எல்லைக்குள் அடங்கியது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கப்பல் கம்பெனிக்குத் திறந்த கடல், சங்கு குளிப்பவனுக்கு மூடிய கடல்.

இந்த நியாயத்தை உலக அரங்கில் முதலில் அசைத்தவை புதிதாக விடுதலை பெற்ற நாடுகள். 1967 நவம்பர் 1 அன்று, மால்டா என்னும் சின்னஞ்சிறு தீவு நாட்டின் தூதர் அர்விட் பார்டோ ஐ.நா. சபையில் நீண்ட உரையாற்றி, ஆழ்கடலின் அடித்தளம் எந்த நாட்டுக்கும் எந்த நிறுவனத்துக்கும் உரியதாகக் கூடாது, அது மனிதகுலத்தின் பொதுச் சொத்தாக வேண்டும் என்றார். 1982இல் ஜமைக்காவின் மாண்டேகோ பேயில் கையெழுத்தான கடல் சட்ட உடன்படிக்கையில் அக்கருத்து சட்டமாயிற்று. அமெரிக்க அதிபர் ரீகன் கையெழுத்திட மறுத்தார். மறுத்தவர்களைச் சமாதானப்படுத்த 1994இல் துணை ஒப்பந்தம் ஒன்று செய்யப்பட்டு, ஏழை நாடுகளுக்குத் தொழில்நுட்பத்தைக் கட்டாயமாக வழங்கும் விதி நீக்கப்பட்டது. அப்படியும் அமெரிக்கா இன்றுவரை அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. 2025 ஏப்ரல் 24 அன்று டிரம்ப் பிறப்பித்த உத்தரவு, சர்வதேசக் கடலடியில் கனிமம் எடுக்க அமெரிக்கச் சட்டத்தின் கீழேயே உரிமம் வழங்க வழி செய்கிறது. குரோஷியஸின் கம்பெனி மீண்டும் கப்பலேறிவிட்டது.

இந்தியா இதில் வெறும் பார்வையாளர் அல்ல. 1981 ஜனவரி 26 அன்று ‘கவேஷனி’ என்ற இந்திய ஆய்வுக் கப்பல், இந்தியப் பெருங்கடலின் அடியிலிருந்து உருளைக்கிழங்கு போன்ற உலோகக் கட்டிகளை மேலே கொண்டுவந்தது. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் அடங்கிய இவற்றைப் பல்லுலோக முடிச்சுகள் என்பர். 1987இல் இவற்றுக்கான முன்னோடி முதலீட்டாளராகப் பதிவு பெற்ற முதல் நாடு இந்தியா. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆய்வு நடத்த 2002இல் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் ஒப்பந்தம் செய்தது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் ‘மத்ஸ்யா 6000’ கலத்தை உருவாக்கிவருகிறது. பொதுத்துறை விஞ்ஞானிகளின் இச்சாதனைகள் பெருமைக்குரியவை.

ஆனால் அந்த ஆழம் வெறும் கனிமக் கிடங்கு அன்று. ஒரு முடிச்சு சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். 1989இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் பெரு நாட்டுக்கு அப்பால் ஆழ்கடல் தரையைச் சோதனைக்காக உழுதார்கள். 26 ஆண்டுகள் கழித்து, 2015இல் மீண்டும் சென்று பார்த்தபோது, உழுத தடம் அழியாமல் கிடந்தது. அங்கே வாழ்ந்த உயிர்கள் முழுமையாக மீளவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆழ்கடல் சுரங்கத்தை நிறுத்திவைக்கக் கோருவது இத்தகைய சான்றுகளின் அடிப்படையில்தான்.

நாட்டுக்குள்ளேயே அந்த எச்சரிக்கை கேட்கப்படவில்லை. 2002ஆம் ஆண்டின் கடற்பகுதிக் கனிமச் சட்டம் 2023 ஆகஸ்டில் திருத்தப்பட்டது. மணிப்பூர் குறித்து விவாதிக்க எதிர்க்கட்சிகள் போராடிய அதே கூட்டத்தொடரில் அது நிறைவேறியது. தனியார் நிறுவனங்கள் ஏலம் எடுக்கலாம்; உற்பத்திக் குத்தகை 50 ஆண்டுகள். 2024 நவம்பர் 28 அன்று ஒன்றிய அரசு முதல் கட்டமாக 13 கடற்பகுதிகளை ஏலத்துக்கு அறிவித்தது. அவற்றுள் மூன்று கொல்லத்துக்கு அப்பால் உள்ள கட்டுமான மணல் பகுதிகள். கேரள மீனவர்களோடு குமரி மாவட்ட மீனவர்களும் வலை வீசும் வளமான பரப்பு அது. மணலை உறிஞ்சினால் நீர் கலங்கும். மீனுக்கு இரையாகும் அடிக்கடல் உயிர்கள் அழியும். மீன் வேறிடம் போகும். இதைக் கண்டறியப் புதிய நிறுவனம் தேவையில்லை. மீன் கூடும் இடத்தை நாள்தோறும் கணிக்கும் இன்காய்ஸும், கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் அரசின் கையிலேயே இருக்கின்றன. அவற்றின் ஆய்வைக் கேட்டு, மலையாளத்திலும் தமிழிலும் வெளியிட்டு, மீனவர்களின் பதிலைப் பெற்ற பிறகே எதையும் தீர்மானிக்க வேண்டும் என்ற கோரிக்கையை இங்குள்ள தோழர்கள் ஐதராபாத்திலிருந்தும் எழுப்ப முடியும்.

2025 பிப்ரவரி 27 அன்று கேரளக் கடற்கரை நெடுகப் படகுகள் கடலுக்குச் செல்லவில்லை. மார்ச் 4 அன்று கேரளச் சட்டமன்றம் இந்த ஏலத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அறிவிக்கப்பட்ட 13 பகுதிகளில் இன்னும் ஏழு, கிரேட் நிக்கோபார் தீவுக்கு அருகே உள்ளன. அவை பல்லுலோக முடிச்சுகளுக்கும் படிவங்களுக்குமானவை. நிக்கோபாரியரும் ஷொம்பென் மக்களும் வாழும் தீவு அது. 2004இன் பேரலை அந்தத் தீவையும் சிதைத்தது. அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதிக்குத் தீர்மானம் நிறைவேற்றச் சட்டமன்றமே கிடையாது.