ஒருமுறை தொட்டால் போதும்

மூன்று வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றும் போக வேண்டும். ஒரு கோடு இன்னொன்றை வெட்டக் கூடாது. எப்படி வரைந்தாலும் ஒரு கோடாவது இடிக்கும். இது முடியாது என்று கணிதம் நிரூபித்துவிட்டது. ஆனால் நூற்றுக்கணக்கான புள்ளிகள் கொண்ட படத்தை நீட்டி, இதைக் கோடுகள் வெட்டாமல் வரைய முடியுமா என்று கேட்டால்?

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் ராபர்ட் டார்ஜன். 1948-இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் பிறந்தவர். வானியலாளராக ஆசைப்பட்ட சிறுவனைக் கணிதத்தின் பக்கம் இழுத்தவை மார்ட்டின் கார்ட்னர் பத்திரிகையில் எழுதிய புதிர்கள். பின்னர் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோது, கார்னெல்லிலிருந்து அங்கே வந்திருந்த ஜான் ஹாப்கிராஃப்டுடன் சேர்ந்து இதில் இறங்கினார். 1974-இல் வெளியான அவர்களது கட்டுரை, 900 புள்ளிகள் கொண்ட படங்களைக்கூடக் கணினி 12 விநாடிக்குள் சோதித்ததாகச் சொல்கிறது. அன்றைய கணினியில்!

அவர்களுடைய வழி, புது ஊரில் சந்து சந்தாக நடப்பது போன்றது. முட்டுச்சந்து வரை போ. வழியில்லையென்றால் கடைசியாகப் பிரிந்த இடத்துக்குத் திரும்பு. புதிர்ப்பாதைகளில் வழி தேட இந்த முறை 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்ததுதான். டார்ஜனின் கைவண்ணம் வேறு இடத்தில் இருக்கிறது. போகிற போக்கில் புள்ளிகளுக்கு 1, 2, 3 என்று எண் இடுகிறார். அந்த எண்கள் படத்தைப் பற்றிய வேறு கேள்விகளுக்கும் உதவும். ஓர் உதாரணம்: 6-லிருந்து 7-க்கு வந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7-லும் அதற்கு அப்பாலும் தேடி முடித்தாயிற்று. வந்த வழியைத் தவிர, அங்கிருந்து ஒரு கோடுகூட 7-க்கு முந்திய எண்ணைத் தொடவில்லை. அப்படியானால் 6-க்கும் 7-க்கும் நடுவே உள்ள கோட்டை அறுத்தால் படம் இரண்டு துண்டாகும். ஒரு வலையமைப்பின் பலவீனமான இடம், எண்களைப் பார்த்த மாத்திரத்தில் பிடிபட்டுவிடுகிறது! ஒவ்வொரு கோட்டையும் திரும்பத் திரும்பத் துழாவ வேண்டியதில்லை. இந்தச் சிக்கனத்தை நான் முதல்தரக் கலை என்றே சொல்வேன்.

1986-இல் இருவருக்கும் சேர்த்து, கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. அது பொருத்தமான மரியாதை.

கல்லூரியில் இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நிரலை மனப்பாடம் செய்யுமுன் பத்துப் புள்ளி வைத்து, மனம்போல் கோடு இழுத்து, பென்சிலால் எண்ணிட்டு ஒருமுறை நடந்து பாருங்கள்.