சுனாமியும் தசாவதாரமும்

(அணுபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சினிமாவைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். வெறும் பொழுதுபோக்கோடு நின்றுவிடுமானால் நானும் பேச வந்திருக்கமாட்டேன். கோயிலில் காலட்சேபம் கேட்டு நம்பியதையே இப்போது கொட்டகையில் விஞ்ஞானக் கதை என்ற பெயரால் பார்த்து நம்புகிறார்கள்.

2008 ஜூனில் வெளிவந்த "தசாவதாரம்" படத்தை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள். கமல்ஹாசனுக்குப் பத்து வேஷம். உலகத்தையே அழிக்கவல்ல கிருமி ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்து பெருமாள் விக்கிரகத்துக்குள் புகுந்துகொள்கிறது. உப்புப் பட்டால் கிருமி சாகுமாம். அது வெளிப்படுகிற சமயத்தில் 2004 டிசம்பர் 26 சுனாமி வந்து உப்புநீரால் அதைத் தீர்த்துவிடுகிறது! 800 வருஷத்துக்கு முன் கடலில் தள்ளிய இன்னொரு பெருமாளும் கரை சேருகிறார்.

படத்தில் கடவுளை மறுக்கிறவனும் பேசுகிறான், நம்புகிறவளும் பேசுகிறாள். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பார்த்தவன் வீட்டுக்கு எதைக் கொண்டுபோனான்? பெரிய கேட்டைத் தடுக்கவே அலை வந்தது என்பதைத்தானே!

உங்கள் பக்கத்துக் கல்பாக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கருகே கடலடித் தட்டு நழுவி 9.1 அளவு பூகம்பம் உண்டாயிற்று. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதற்குள் நம்மவர்க்குச் செய்தி சொல்ல ஓர் ஏற்பாடும் இல்லை. தமிழ்நாட்டில் மாத்திரம் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். கல்பாக்கம் குடியிருப்பிலும் பிணம் விழுந்தது. செத்ததில் குழந்தைகள் எத்தனை! இவர்களைக் கொன்றுதான் உலகத்தைக் காப்பாற்றினார் என்றால், அப்படிப்பட்ட சாமியை உங்கள் தெருவில் குடிவைக்கச் சம்மதிப்பீர்களா?

அதே வேளையில் அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையின் பம்பு அறையில் கடல்நீர் புகுந்தது. வேலையிலிருந்தவர்கள் உலையை ஆபத்தில்லாமல் நிறுத்தினார்கள். அவர்கள் கையில் சக்கரமுமில்லை, சங்குமில்லை. இதை எந்தச் சினிமாவில் பார்த்தீர்கள்?

2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. இப்போது பூகம்பம் உண்டான சில நிமிஷங்களில் செய்தி கிடைக்கிறது. அதுவும் மனிதன் செய்ததுதான்.

கதையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பூகம்பம் உண்டான இடத்துக்கு மிக அருகே சிமுலு என்று ஒரு தீவு. 1907-இல் அங்கே பேரலை வந்து பலரைக் கொன்றது. பூமி பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்று, பிழைத்த கிழவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வைத்தார்கள். 2004-இல் அந்தத் தீவில் சுமார் 78,000 பேர் இருந்தார்கள். மாண்டவர்கள் 7 பேர்.

நம் குப்பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, கடல் உள்வாங்கினால் என்ன செய்வாய் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.