கடலைக்காய் பேசும் வரை



தலைமை உரைக்கு அரை மணி நேரம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதில் பாதியைக் கட்டுரை படிக்க வந்திருக்கும் மாணவர்களுக்கே விட்டுத் தருகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் நேரத்தில்தான் எல்லோரும் கை வைப்போம்.

இன்று நாம் பேச வந்திருக்கும் சத்தூட்டிய நிலக்கடலை வெண்ணெய் என்ற பெயர் புதிது. விஷயம் கோவைக்குப் புதிதல்ல. இந்த ஊர் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில், ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் காலத்தில், 'குழந்தை அமுது' என்று ஒரு மாவு செய்தார்கள். சோளமோ ராகியோ ஏதாவது ஒரு தானியம், பாசிப்பருப்பு, வறுத்த நிலக்கடலை, வெல்லம், அவ்வளவுதான். எல்லாம் சந்தையில் கிடைப்பவை; வறுத்துப் பொடித்து டப்பாவில் போட்டு வைத்தால் வேலைக்குப் போய் வந்த தாய் வெந்நீர் விட்டுக் குழைத்து ஊட்டிவிடலாம். அதற்கும் முன்னால், மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வகத்தில் வி. சுப்ரமணியனும் அவர் குழுவும் எண்ணெய் எடுத்த கடலை மாவு 75 பங்கு, வறுத்த கொண்டைக்கடலை மாவு 25 பங்கு சேர்த்து, வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் கலந்து 'இந்தியப் பல்நோக்கு உணவு' செய்தார்கள். மாட்டுக்கு வைக்கும் புண்ணாக்கை மனுசனுக்கா என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று அதே கடலை மாவு புரதப் பொடியாகக் கண்ணாடிப் புட்டியில் வந்தால் விலை கேட்காமல் வாங்குகிறோம்.

உலகம் இதைக் கவனித்தது 1990களின் பிற்பகுதியில். பிரான்சின் ஆந்த்ரே பிரியாங் என்ற குழந்தை மருத்துவரும் மிஷேல் லெஸ்கான் என்ற உணவுப் பொறியாளரும் 'பிளம்பிநட்' என்ற பொட்டலத்தைக் கொண்டுவந்தார்கள். அதுவரை எலும்பும் தோலுமாய் வரும் குழந்தைகளுக்குப் பால் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். அந்தத் தண்ணீர் சுத்தமில்லாவிட்டால் மருந்தே வயிற்றுப்போக்காகிவிடும். கடலை விழுதில் ஈரம் இல்லை, ஆகவே கிருமி வளராது. அடுப்பு வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம், மூலையைக் கிழித்துக் குழந்தை தானே உறிஞ்சும். 92 கிராம் பொட்டலம், 500 கிலோகலோரி. 2005இல் நைஜர் நாட்டுப் பஞ்சத்தில் அதன் பலனை உலகம் நேரில் கண்டது.

அந்தப் பொட்டலத்தில் கடலை ஏறக்குறைய கால் பங்குதான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. மீதியெல்லாம் பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின் தாதுக் கலவை. ஏன் அப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் பச்சைக் கடலைப் பருப்பில் சுமார் 567 கிலோகலோரி, 25 கிராம் புரதம், 49 கிராம் கொழுப்பு. நியாசின் 12 மில்லிகிராம், ஃபோலேட் 240 மைக்ரோகிராம். இதெல்லாம் தாராளம். வைட்டமின் ஏ இல்லை, சி இல்லை, பி12 இல்லை. துத்தநாகம் 3 மில்லிகிராமுக்குச் சற்று மேல், ஐ.நா. அமைப்புகளின் 2007 கூட்டறிக்கையோ இந்தச் சிகிச்சை உணவில் 100 கிராமுக்கு 11 முதல் 14 வேண்டும் என்கிறது. கால்சியம் 92 மில்லிகிராம். வேண்டியது 300க்குக் குறையக் கூடாது. புரதத்திலும் லைசின் குறை. அதை ஈடுகட்டத்தான் பால் வருகிறது.

ஆக, கடலை சத்தைச் சுமந்து போகும் வண்டி. நல்ல வண்டி. ஆனால் கடையில் விற்கும் கடலை வெண்ணெயை வாங்கி, அட்டையில் 'புரதம் 25 கிராம்' என்று பார்த்துவிட்டு, மெலிந்த குழந்தைக்கு மருந்தாகக் கொடுக்கலாமா என்று கேட்கும் தாய்மாருக்கு நாம் தெளிவாகக் கூடாது என்று சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு 100 கிராமுக்கு. குழந்தை தின்பது ஒரு கரண்டி, பத்துப் பதினைந்து கிராம். பிளம்பிநட் பொட்டலங்கள் நம் நாட்டில் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை 2009இல் பெரிதாக நடந்தது. யூனிசெஃப் இறக்குமதியை மத்திய அரசு நிறுத்தச் சொன்னது. அந்தச் சண்டையில் இரு தரப்பும் பாதி சரி என்பது என் எண்ணம். மரணத்தின் வாசலில் நிற்கும் குழந்தைக்கு அது மருந்து. மற்ற குழந்தைகளுக்கு முட்டையும் கீரையும் பருப்புச் சோறும் இருக்கும்போது அது வெறும் வியாபாரம்.

கடலையில் சத்தைச் சேர்ப்பதிலும் சிக்கல் உண்டு, அதை என் தவற்றிலிருந்தே சொல்கிறேன். இளம் வயதில் இரும்புச் சத்து சேர்க்கிறேன் என்று அரைத்த விழுதில் ஃபெரஸ் சல்ஃபேட்டைக் கலந்து புட்டியை அலமாரியில் வைத்தேன். மூன்றாம் வாரம் மூடியைத் திறந்தால் பழைய எண்ணெய்ச் சட்டிபோலச் சிக்கு வாடை. இரும்பு கொழுப்பைக் காற்றோடு சேரத் தூண்டும். எண்ணெய் கெடும், கூடவே வைட்டமின் ஏயும் போகும். பூச்சுப் போட்ட இரும்போ, எளிதில் கரையாத ஃபெரிக் பைரோபாஸ்பேட்டோ சேர்த்தால் வாடை வராது. ஆனால் எளிதில் கரையாதது குடலிலும் குறைவாகவே ஏறும். போதாததற்குக் கடலையிலுள்ள ஃபைட்டேட் வேறு இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அட்டையில் அச்சடித்த மில்லிகிராமும் ரத்தத்தில் சேரும் மில்லிகிராமும் ஒன்றல்ல.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது பூஞ்சை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோதுதான், தீவனத்திலிருந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் பிடிபட்டது. பூஞ்சை சுரக்கும், ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. அரைத்துவிட்டால் கெட்ட பருப்பு நல்ல பருப்போடு கலந்து கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் 2007 அறிக்கை நூறு கோடியில் ஐந்து பங்கு என்று வரம்பு கட்டியது. நம் கொங்குச் சீமையில் மானாவாரிக் கடலை ஆடிப்பட்டம். காய் முற்றும் மாதத்தில் வறட்சி அடித்தால் மண்ணுக்குள்ளேயே பூஞ்சை ஏறும். தப்பித்து வந்தால் கொடி பிடுங்கும்போது ஐப்பசி மழை. ஈரக்காயை அம்பாரமாய்க் குவித்து வைத்தால் அப்புறம் எந்த வைட்டமினைச் சேர்த்து என்ன?

எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், காயை உள்ளங்கையில் வைத்துக் காதருகே ஆட்டுவார். கிலுகிலுவென்று பருப்பு உருள வேண்டும். சத்தம் வராவிட்டால், "இன்னும் பேசல கண்ணு, ரெண்டு வெயில் போடோணும்" என்பார். ஈரமானி இன்று எட்டு விழுக்காடு என்று காட்டுவதை அவர் செவி காட்டியது. நான் ஈரமானிக்கு எதிரியல்ல. விற்பனைக்கூடம்தோறும் அது வேண்டும். ஆனால் களத்தில் காய் ஆயும் அம்மாவிடம் ஈரமானி இல்லை, காது இருக்கிறது.

முதல் அமர்வு ஏன் உலர்த்தலைப் பற்றியது, சத்தூட்டல் ஏன் மதியத்துக்குப் போனது என்று இரண்டு பேர் காலையில் என்னிடம் கேட்டார்கள். வரிசை போட்டவன் நான்தான். தேநீர் இடைவேளையில் வாசல் மேசையில் மூன்று கிண்ணங்கள் இருக்கும். மூன்றும் நம் ஊர்க் கிரைண்டரில் அரைத்த கடலை விழுது. ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை, ஒன்றில் பூச்சுப் போட்ட இரும்பு, ஒன்றில் நான் அன்று செய்த அதே தவறு. எண்கள் மட்டும் ஒட்டியிருக்கும். முகர்ந்து பார்த்து எது எதுவென்று சீட்டில் எழுதிப் போடுங்கள். ருசி பார்க்க வேண்டாம். கடலை ஒவ்வாதவர்கள் கிண்ணத்துக்குக் கிட்டவே போக வேண்டாம்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.