ஒளிக்குக் கீழ்ப்படியும் மூலக்கூறுகள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இரசாயனவியல் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். இந்த மண்டபத்தில் விஞ்ஞானம் படித்தவர்களும் கலைப்பிரிவில் படித்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

மாலைக்கண் வராமலிருக்க முருங்கையிலையும் பப்பாசிப்பழமும் சாப்பிடச் சொல்வார்கள் அம்மம்மாமார். காரணம் விற்றமின் ஏ. அதிலிருந்து நமது உடல் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறை ஆக்குகிறது. விழித்திரையிலுள்ள ஒரு புரதத்துக்குள் அது மடிந்தபடி இருக்கும். ஒளி பட்டதும் நிமிரும். அப்போது புரதத்தின் வடிவமும் மாறும். அந்த மாற்றமே நரம்புச் செய்தியாகி மூளைக்குப் போகிறது. பார்வையின் இந்த இரசாயனத்தை ஆராய்ந்த ஜோர்ஜ் வோல்டுக்கு 1967 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கண்ணுக்குள் இயற்கை செய்வதை நாமும் செய்யலாமா? ஒளி பட்டால் வடிவம் மாறும் மூலக்கூறொன்றை ஆக்கி, நாம் விரும்பும் புரதத்தோடு சேர்த்து, அப்புரதத்தைச் சுவிச்சுப் போட்டு இயக்குவதுபோல இயக்கலாமா?

இதற்குப் பெரிதும் பயன்படும் பொருள் அசோபென்சீன். அதன் உறவுக்காரர் ஒருவரை ஏ.எல். விஞ்ஞான மாணவிகள் அறிவார்கள். நியமிப்புச் செய்யும்போது குடுவைக்குள் சில துளி விடுவோமே, மெதைல் ஒரேஞ்சு, அதுவும் இந்தக் குடும்பம்தான். இரண்டு பென்சீன் வளையங்கள். நடுவே இரட்டைப் பிணைப்பால் இணைந்த இரண்டு நைதரசன் அணுக்கள். சாதாரணமாக நீண்டிருக்கும். ஏறத்தாழ 360 நனோமீற்றர் அலைநீளமுள்ள கழியூதா ஒளி பட்டால் முழங்கைபோல மடியும். நீல ஒளி பட்டாலோ, இருட்டில் விட்டு வைத்தாலோ, மீண்டும் நிமிரும். இந்த மடிந்த வடிவத்தை ஹார்ட்லி என்பவர் 1937 இல் அறிவித்தார்.

1960களின் இறுதியில் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேர்ணாட் ஏர்லாங்கரின் குழுவினர், இத்தகைய மூலக்கூறுகளைக் கொண்டு ஒரு நொதியத்தின் வேலையை ஒளியால் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 2004 இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில் றிச்சாட் கிறேமர், டிர்க் டிரவுனர், எஹுட் ஐசகொவ் ஆகியோரின் குழுவினர் நரம்புக்கலத்தின் பொற்றாசியம் அயன் கால்வாயில் இதை ஒரு கயிறுபோலக் கட்டினார்கள். கயிற்றின் நுனியில் ஒரு மூடி. கயிறு நீண்டிருந்தால் மூடி வாயிலை எட்டி அடைக்கும். மடிந்தால் எட்டாது, வாயில் திறந்துவிடும். திறந்தால் நரம்புக்கலம் அடங்கும், அடைத்தால் மீண்டும் துடிக்கும். ஒளியின் நிறத்தை மாற்றுவது ஒன்றே வேலை.

அந்தக் கால்வாயின் மரபணுவை முதலில் மாற்ற வேண்டியிருந்தது. பின்னர் அது தேவைப்படாத மூலக்கூறுகளும் வந்தன. 2012 இல் கிறேமரின் குழுவினர், பார்வைக்கலங்கள் அழிந்த சுண்டெலிகளின் கண்ணில் அத்தகைய ஒன்றைச் செலுத்தினார்கள். கண்மணி ஒளிக்குச் சுருங்கியது. சுண்டெலிகள் வெளிச்சத்தை விட்டு விலகின. இதே வழியில் வந்த வேறொரு மூலக்கூறு, பரம்பரை விழித்திரைச் சிதைவால் பார்வை இழந்த மிகச் சிலரிடம் அவுஸ்திரேலியாவில் முதற்கட்டமாகப் பரிசோதிக்கப்பட்டுள்ளது.

புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டவர்கள் நம்மிடையே உண்டு. அந்த மருந்துகளில் பல, கட்டியை மட்டும் தாக்குவதில்லை. வேகமாகப் பிரியும் எல்லாக் கலங்களையும் தாக்கும். முடி கொட்டுவது அதனால்தான். 2015 இல் ஜேர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள், கலப்பிரிவைத் தடுக்கும் மருந்தொன்றை ஒளியால் இயங்கும்படி மாற்றியமைத்தார்கள். உயிருள்ள உடலில் ஒரு தனிக் கலத்தைத் தெரிந்தெடுத்து அதன் பிரிவை மட்டும் நிறுத்துமளவுக்கு அது நுட்பமானது.

ஆனால் இதை நாளைக்கே மருந்துக்கடையில் வாங்க முடியாது. இருட்டில் ரோர்ச் லைற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சிவப்பு மட்டுமே மறுபுறம் தெரியும். கழியூதா ஒளி தசைக்குள் ஆழமாகப் போகாது. போகுமிடத்தில் கலங்களுக்குத் தீங்கும் செய்யும். அதனால்தான் சிவப்பு ஒளிக்கு மடியும் மூலக்கூறுகளை இப்போது தேடுகிறார்கள். கண் தெளிவான உறுப்பு. வெளியிலிருந்து வரும் ஒளி தானே உள்ளே போகிறது. முதற் பரிசோதனைகள் கண்ணில் நடப்பது அதனால்தான்.

தாய்மாராக இருக்கும் உங்களுக்கு ஒரு வார்த்தை. பரம்பரை விழித்திரைச் சிதைவும் பெரும்பாலும் மாலைக்கண்ணாகவே தொடங்கும். அது முருங்கையிலையால் மாறாது. நெருங்கிய சொந்தத்துக்குள் மணம்செய்த குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு அதிகம். பிள்ளை இருட்டில் தடுமாறினால் கண் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். ஒளியால் குணமாக்குகிறோம் என்று இன்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தங்கைமாருக்கும் ஒன்று. 1937 இல் மடிந்த வடிவத்தை அறிவித்தவர் கண் மருந்தைத் தேடிப் போகவில்லை. ஒரு பொருள் ஏன் அப்படி நடக்கிறது என்று பார்த்தார். அந்தக் கேள்வி ஒரு நோயாளியின் கண்ணை எட்ட எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அப்படிப் பார்க்கப் பழகும் இடம் பாடசாலை ஆய்வுகூடம். உள்ளூரிலும் வெளிநாடுகளிலும் இருந்து நூற்றாண்டுக்காகச் சேரும் நிதியில் ஒரு பங்கை எங்கள் இரசாயனவியல் ஆய்வுகூடத்துக்கு ஒதுக்கும்படி சங்கத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அளவியும் குழாயியும் ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் கிடைக்கட்டும்.